கண்டியில் என்னைத் தெரிந்தவர்

மஹய்யாவ, கண்டி
12.03.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? நான் சுகம். புது வங்கியில் கம்பனிகளுக்குக் கடன் கொடுக்கும் பிரிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

கொழும்பில் வேலையை விட்டபோது பழைய வங்கியின் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். புதியது இன்னும் வரவில்லை. அதனால் நேற்று வழியில் மறித்துப் பொலிசுக்குக் கூட்டிப்போனார்கள். பயப்பட ஒன்றுமில்லை, தேநீரும் தந்தார்கள். கண்டியில் என்னைத் தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னால் விடுவார்களாம். எவ்வளவு யோசித்தும் மனேஜர் சுந்தரலிங்கத்தைத் தவிர வேறு பெயர் வரவில்லை.

அவர் வந்து சொல்லி, என்னை வெளியே அழைத்துவந்தார்.

"நீங்க வந்து ஒரு வாரந்தான் ஆகுது தம்பி. நல்லாத் தெரிஞ்ச பையன்னு சொல்லிட்டேன், மானத்த வாங்கிறாதீங்க!" என்று சிரித்தார்.

எங்கள் ஊரவர் யாராவது கண்டியில் இருந்தால் விலாசம் அனுப்புங்கள். சொந்தமாக இருக்கவேண்டுமென்றில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்க் கொஞ்சம் கதைத்துவிட்டு வருவேன்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள், நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்,
மகேந்திரராசா