பாலத்துக் கடையில் நான் வைத்த விலைகள்

ஜூன் 4, புதன்

தம்பி இன்றும் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பட்டறையில் கண்ணாடிப் பலகை நழுவி வலது கையைக் கிழித்து ஆறு வாரம் ஆகப்போகிறது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் போகும் தசைநார்களைத் தைத்திருக்கிறார்கள். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. டாக்டருக்குத் திருப்தி. இவனுக்குத்தான் இல்லை.

சாப்பிடும்போது சொன்னான். "அக்கா, சனிக்கிழமையோட கடை போயிடும்."

எந்தக் கடை? அவனுடைய விளையாட்டுக்குள் இருக்கிறதாம். வாள், மந்திரம், நெருப்புக் கக்கும் ஜந்து என்று ஊரெல்லாம் கூடி ஆன்லைனில் ஆடுவார்களே, அதில். சந்தைப் பாலத்தின் ஓரத்தில் இவனுக்கு ஒரு கடை. மூன்று வருடம் வரிசையில் காத்திருந்து கிடைத்த இடம். நாற்பத்தைந்து நாள் சரக்கு வைக்காவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

"இடது கையாலயாவது போய்ப் பாரேன்டா."

"போனா போகட்டும்."

கடையைப் பற்றி மட்டும் சொன்ன மாதிரி எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

கடையை நான் எடுத்துக்கொண்டேன். "உனக்கு என்ன தெரியும்?" என்றான். பதினாறு வருடமாக ஆஸ்பத்திரி மருந்தகத்தில் நிற்கிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

காலை ஆறரைக்கு உட்கார்ந்தேன். விளையாட்டில் அவன் உருவம் ஆறடி, தோளில் கரடித்தோல், முதுகில் கோடரி. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அலமாரியெல்லாம் துடைத்து, மருந்தகத்தில் அடுக்குகிற மாதிரி அடுக்கினேன். பழைய சரக்கு முன்னால், புதுச் சரக்கு பின்னால். பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் எதற்கும் காலாவதித் தேதியே கிடையாதாம். கொடுத்துவைத்த ஊர்.

கடை தப்பியது. இப்போதைக்கு.

ஜூன் 8, ஞாயிறு

விலை வைப்பது இவ்வளவு பெரிய தலைவலியா? எங்கள் மருந்தகத்தில் அட்டையிலேயே விலை அச்சாகி வரும். வாழ்நாளில் ஒரு பொருளுக்கு நானாக விலை வைத்ததில்லை.

காயம் ஆற்றும் மருந்து அறுபது குப்பி இருந்தது. என்ன விலை போடுவது என்று கேட்டேன். சோபாவிலிருந்து, திரும்பாமலே சொன்னான். "எதிர்க் கடையில என்ன விலைன்னு பாரு. ஒரு காசு குறைச்சு வை. சனிக்கிழமை மட்டும் ஏத்திடு. அன்னிக்குத்தான் கும்பலா குகைக்குப் போவாங்க. மருந்து இல்லாம எவனும் இறங்க மாட்டான்."

எதிர்க் கடையில் நாற்பது. என்னால் முடியவில்லை. அடிபட்டுக்கொண்டு வருகிறவனிடம், அடிபட்டாய் என்பதற்காகவே கூட வாங்குவதா? பன்னிரண்டு என்று போட்டேன்.

பத்தே நிமிடம். அறுபதும் காலி! தலைகால் புரியவில்லை எனக்கு.

ஜூன் 10, செவ்வாய்

கட்டைப் பிரித்தார்கள். வெளுத்து, சூம்பி, வேறு யாருடைய கையோ போலிருந்தது. டாக்டர் "மடக்குங்க" என்றார். அவன் கையைப் பார்த்தான். மடக்கவில்லை. "வலிக்குதா?" இல்லையாம். "பின்ன?" எழுந்து செருப்பைத் தேடினான்.

வீட்டுக்கு வந்ததும் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டான்.

ஜூன் 11

மடக்கவில்லை.

ஜூன் 14, சனி

என் மருந்தையெல்லாம் யார் வாங்கினார்கள் என்று இன்று கண்டுபிடித்தேன். எதிர்க் கடைத் தாடிக்காரர்! அறுபதையும் பன்னிரண்டுக்கு அள்ளி, தன் கடையில் முப்பத்தெட்டுக்கு வைத்து விற்றிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடு வேறு. அதுவும் திரையில் பூ கொட்ட ஒரு கும்பிடு.

தம்பியிடம் சொன்னேன். மூக்கால் ஒரு சத்தம் விட்டான். சிரிப்பு என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஐயோ. என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன்.

நிதானமாக எழுதுகிறேன். கடை அலமாரியில் ஒன்பது நீலக்கற்கள் இருந்தன. விற்பனைக்கு இல்லை. தம்பியும் கூட்டாளிகளும் நாலு மாதம் குகை குகையாக அலைந்து பொறுக்கியவை. எங்கள் மருந்தகத்தில் விலை உயர்ந்த ஊசி மருந்தைப் பஞ்சு வைக்கிற சாதாரண அட்டைப்பெட்டிக்கு அடியில் வைப்போம். யார் கண்ணிலும் படாது. அதே புத்தியில் கற்களை ஒரு பைக்குள் போட்டு, மேலே இருபது குப்பி மருந்தை அடுக்கி, பன்னிரண்டு என்று விலை எழுதினேன். குப்பி ஒன்றுக்குப் பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டு.

அந்த ஊரில் பைக்கு விலை வைத்தால் பைக்குத்தான் விலை. உள்ளே எது இருந்தாலும் பையோடு போய்விடும். போய்விட்டது. பன்னிரண்டு காசுக்கு. வாங்கினது யாரு? வேற யாரு, தாடிதான்.

ஒரு கல் பன்னிரண்டாயிரமாம். இப்போதுதான் விசாரித்தேன்.

ஜூன் 18

சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

பிசியோதெரபி அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தையல் நல்லா புடிச்சிருக்கும்மா. நான் மடக்கினா மடங்குது. அவராத்தான் மடக்க மாட்டேங்கறார். மடக்கிப் பாத்து, மடங்காம போயிட்டா? அந்தப் பயம். இப்படியே வெச்சிருந்தா உள்ள ஒட்டிக்கும்."

மதியம் பட்டறை முதலாளி போன் செய்தார். நல்ல மனுஷன். "அவசரம் இல்ல. ஆனா ஜூலை வரைக்கும்தான் வேற ஆள் போடாம சமாளிக்க முடியும்மா."

அவனுக்குக் கண்ணாடி வெட்டுவதைத் தவிர வேறு எதுவும் பிடித்ததில்லை. இருபத்தெட்டு வயதில் ஒருவன் தன் கையைத் தானே கைவிட்டால் நான் என்னதான் செய்வது? எனக்குப் பயமாக இருக்கிறது. அவனுக்கு முன்னால் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். இதில் கல் விஷயத்தை வேறு சொன்னால்?

ஜூன் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே.

"உன் நீலக்கல்லையெல்லாம் வித்துட்டேன்டா."

"எவ்வளவுக்கு?"

"பன்னெண்டு."

"ஒரு கல்லு பன்னெண்டாயிரமா? பரவாயில்லையே."

"பன்னெண்டு காசு. மொத்தமா. பையோட. அதுல மருந்தும் இருபது குப்பி இருந்துது."

"பையோடவா?" என்றான். கத்துவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிரித்தான். அடக்க முடியாமல், சோபாவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர. "யார்கிட்ட?" தாடி என்றேன். சிரிப்பு சட்டென்று நின்றது. "அந்தாளுக்கா! அந்தாளுக்கா வித்த? தள்ளு."

எழுந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தான். எட்டு வாரம் ஆகிறது அவன் அதில் உட்கார்ந்து. இடது கையால் மௌஸை நகர்த்தினான். தாடிக்காரருக்குக் கடிதம் எழுத வேண்டும். இடது கை எழுத்தைத் தேடித் தடுமாறியது. எரிச்சலில் வலது கை தானாக மேலே வந்தது. ஆள்காட்டி விரல் நடுங்கிக்கொண்டே வளைந்து ஒரு எழுத்தைத் தட்டியது.

நான் பார்த்தேன். அவனும் கவனித்துவிட்டான் என்று தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு வரி அடிக்கக் கால் மணி நேரம் ஆனது. "தாடி, அது எங்க அக்கா. கல்லத் திருப்பிக் குடு."

சமையலறைக்குப் போய், காரணமில்லாமல் எல்லா டப்பாவையும் திறந்து திறந்து மூடினேன்.

ஜூன் 21, சனி

தாடிக்காரர் பதில் போட்டிருக்கிறார். தம்பி சத்தமாகப் படித்துக் காட்டினான். "பன்னெண்டுக்கு மருந்து வெச்ச அன்னிக்கே தெரியும், இது நீ இல்லன்னு. நீ ஒத்தக் காசுக்கு மேல இறங்க மாட்ட. கல்லு ஒன்பதும் அப்படியே எடுத்து வெச்சிருக்கேன், ஆள் அனுப்பு. கை எப்படி இருக்கு? ஒரு வேண்டுகோள், அக்காவைக் கடையை விட்டு எடுத்துடாத. இவ்வளவு நல்ல வியாபாரம் எனக்கு இதுக்கு முன்னாடி நடந்ததே இல்ல."

அப்பாடா! நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்.

பதில் எழுத இவனுக்கு ஒன்பது நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தற்செயலாக.

ஜூன் 24, செவ்வாய்

பிசியோதெரபி அம்மா, "என்ன மந்திரம் பண்ணினீங்க?" என்றார். ஒரு பையை விற்றேன் என்று எப்படிச் சொல்வது? வெந்நீர் ஒத்தடம் என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் 28

நடுவிரலும்.

ஜூலை 2, புதன்

வேலை முடிந்து வந்ததும், சரக்கு வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். எப்போதும் கடை திறந்தே கிடக்கும். இன்று பாஸ்வேர்டு கேட்டது.

"டேய், இது என்னமோ கேக்குதுடா."

"மாத்திட்டேன்" என்றான் உள்ளேயிருந்து. "நேத்து மறுபடியும் மருந்துக்குப் பதினஞ்சு போட்டிருக்க. இனிமே உனக்குக் கடையில வேலை இல்ல. உன் மருந்தகத்தையே பாத்துக்கோ."

"பெரிய முதலாளி! எத்தனை எழுத்து வெச்சிருக்க?"

"பன்னெண்டு. அதையும் ரெண்டு தடவ அடிக்கச் சொல்லுது."

"எந்தக் கையால அடிச்ச?"

அறை வாசலுக்கு வந்து நின்றான். பிறகு சொன்னான். "ரெண்டாலயும்தான். திங்கக்கிழமை பட்டறைக்கு வரேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். ஒரு மாசம் அளவு மட்டும்தான் எடுக்கணுமாம். வெட்டறது அப்புறம்."

"சரி" என்றேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது, கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. நான் வைத்த விலைகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தான்.