அம்மா போட்ட கையெழுத்து

கடலூர் முதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ரேகாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் டொராண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று வழக்கம்போல எழுதப் பார்த்தேன், பேனா நகரவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் பாப்பா, அதனால்தான் கடிதம்.

அம்மாவின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துவந்த மருந்து இனி வேலை செய்யாது என்று சிதம்பரத்து டாக்டர் சொல்லிவிட்டார். புது மருந்து ஒன்றை இப்போதுதான் முதன்முதலாக ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம், சேர விருப்பமா என்றார். குணமாகுமா என்றால், எவ்வளவு கொடுத்தால் உடம்பு தாங்கும் என்பதைத்தான் இப்போது பார்க்கிறோம் என்கிறார். சிப்காட் கெமிக்கல் கம்பெனியில் புதுச் சரக்கு ஓட்டும்போது நாங்களும் முதலில் கொஞ்சமாக விட்டு ரியாக்டர் தாங்குகிறதா என்றுதான் பார்ப்போம். அப்படியானால் இங்கே ரியாக்டர் உன் அம்மாவா? வேண்டாம் என்று சொல்லவும் பயம், சரி என்று சொல்லவும் பயம், எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

தமிழில் இருபத்திரண்டு பக்கப் படிவம் கொடுத்தார்கள். உன் ரிப்போர்ட் கார்டிலிருந்து கேஸ் சிலிண்டர் புக் வரை வீட்டுக் கையெழுத்தெல்லாம் நான்தானே, அந்தப் பழக்கத்தில் நானே போட்டு நீட்டிவிட்டேன். டாக்டர் திருப்பித் தந்து, அவுங்களே படிச்சு அவுங்களேதான் போடணும் சார், நீங்க போட்டா செல்லாது என்றார். அவளே படித்தால் நோயின் பெயர் தெரிந்துவிடுமே. வெறும் ரத்தசோகை என்று நீயும் நானும் ஐந்து மாதமாக அம்மாவிடம் சொன்ன பொய்யை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து உடைத்தேன். கண்ணாடியைக் கேட்டு வாங்கி மத்தியானம் வரை படித்தாள். இது எனக்கு உதவுமா என்று டாக்டரையே கேட்டாள். தெரியாதும்மா, உதவாமலும் போகலாம், எப்ப வேணாம்னாலும் நிறுத்திக்கலாம் என்றார். உடனே கையெழுத்துப் போட்டுவிட்டாள். எதை நம்பிப் போட்டாய் என்று பஸ்ஸில் கேட்டேன். தெரியாதத தெரியாதுன்னு சொல்றாரு பாருங்க, அவர நம்பலாம் என்றாள். அதற்குமேல் என்னிடம் பேசவில்லை, ஆனால் வந்ததும் மீன்குழம்பு வைத்தாள். கோபமா இல்லையா என்றே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் ஊசி. நான் செய்தது சரியா தப்பா, நீயாவது யோசித்துச் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஒன்று மறக்காதே, அடுத்த முறை போன் செய்யும்போது முருங்கைக்கீரை சாப்பிடும்மா, ரத்தம் ஊறும் என்று சொல்லாதே. இத்தனை நாள் நீ சொன்னதை நம்பித்தான் தினமும் சாப்பிட்டாளாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
தேவசகாயம்