பீரங்கி தோண்டிய கிழங்கு

1860 பிப்ரவரி 20, வைதாரா, தென்கடல் தீவு
எங்கள் வள்ளிக்கிழங்குத் தோட்டத்தை அளக்க வெள்ளைக்காரச் சர்வேயர் வந்தான். யாரோ ஒருத்தன் கவர்னருக்கு விற்றுவிட்டானாம். எவன் நிலத்தை எவன் விற்பது? ஆண்கள் போனால் அடிதடியாகும் என்று பெண்கள் போனோம். அவன் குச்சிகளை ஊன்றி அளவுச் சங்கிலியை இழுக்க, என் நாத்தனார் ஹுஹானா அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி, விடட்டுமா?"

"குச்சியெல்லாம் பிடுங்குறவரைக்கும் விடாதே!"

பதினோரு முளைக்குச்சி. அடுப்புக்கு ஆகும்.

மார்ச் 5
பட்டாளம் வருகிறதாம். கிழங்கைத் தோண்டிவிடலாம் என்றால் என் வீட்டுக்காரர் ஹாகோபா மாட்டேன் என்கிறார். ஞாயிறுதோறும் கோயிலில் வேதாகமம் வாசிக்கிற மனுஷர்தான். ஆனால் விடியலில் வானுயி நட்சத்திரம் எழாமல் ஒரு கிழங்கைத் தொடக்கூடாதாம். "தோண்டினா அழுகிடும்டி." அடுத்த வருஷ விதையும் அதில்தானே இருக்கிறது! இந்த மனுஷரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மார்ச் 16
தோட்டத்து ஓரமாக அவசர அவசரமாய் மண்கோட்டை எழுப்பிவிட்டோம். முதுகு போச்சு.

மார்ச் 18, ஞாயிறு
நேற்று முழுக்கப் பீரங்கி. பதுங்குகுழியில் கிடந்தோம். பயந்தேன் — அதிலென்ன வெட்கம்? பாதிக் குண்டு கோட்டையைத் தாண்டித் தோட்டத்தில் விழுந்தது. விடியுமுன் சத்தமில்லாமல் வெளியேறச் சொன்னார்கள். வழியெல்லாம் மண் கிளறி, கிழங்கு கிழங்காய்க் கிடக்கிறது! குனிந்தேன்.

"தொடாதே. நட்சத்திரம் வரல."

"நாமளா தோண்டினோம்? ராணியம்மா பீரங்கில்ல தோண்டிச்சு!"

நடுவழியில் நின்று யோசித்தார். அப்புறம் சட்டையைக் கழற்றி மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

காலையில் மேட்டிலிருந்து பார்த்தோம். ஆளே இல்லாத கோட்டையைச் சிப்பாய்கள் மறுபடி சுட்டார்கள். பிறகு ஓவென்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தார்கள். ஹுஹானா சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டாள். ஹாகோபாவுக்கு வேறு கோபம். "ஞாயித்துக்கிழமைகூட விடமாட்டானுங்களா?"

மார்ச் 25
வானுயி எழுந்தது. தோண்டத்தான் தோட்டமில்லை, அங்கே சிப்பாய்களின் கூடாரம். அடிபட்ட கிழங்கு தாங்காது, தின்று தீர்த்தோம். முழுசாய் இருப்பது முப்பத்தாறு. விதைக்கு. எவளாவது தொட்டால் கையை ஒடிப்பேன்.

அழுதேன். அவரும்தான். புகை என்றார்.

நவம்பர் 3
முப்பத்தொன்று முளைத்தது. ஹுஹானா புருஷனின் நிலத்தில், மலைப்பக்கம், இன்று நட்டோம். வரிசை பிடிக்க ரெண்டு முனையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்ட வேண்டும். எரிக்காமல் வைத்திருந்த சர்வேயரின் குச்சிகளை மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஹாகோபா ஒவ்வொன்றாய் ஊன்றிக்கொண்டே போனார். கடைசி வரிசைக்கு ஒன்று குறைந்தது.

"இன்னும் ஒண்ணு பிடுங்கியிருக்கக்கூடாதாடி?" என்றார்.

"நம்ம தோட்டத்துக்குத் திரும்பிப் போறப்போ பிடுங்கிக்கலாம்" என்றேன்.