ஷீட் மிஷினும் அம்மாவின் குரலும்

அன்புள்ள அம்மாவுக்கு ரெனிஷ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் சார்ஜாவில் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

அறையில் இருந்தே கம்ப்யூட்டரில் இசை அமைக்கப் படிக்கிறேன். மென்பொருள் இலவசம், யூடியூப்பில் பாடமும் இலவசம். நம் சபையில் கீபோர்டைத் தொட்டதற்கு, "ரப்பர் பால்வெட்டுக்காரன் மகனுக்கு இது எதுக்குலே?" என்று விரட்டினார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. யூடியூப்பில் சொல்லித் தருகிறவர்கள் யாரும் அப்பாவின் தொழிலைக் கேட்கவில்லை. அவர்களுக்காக தினமும் ஜெபிக்கிறேன்.

உங்கள் வாய்ஸ் மெசேஜில் கேட்ட ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷின் சத்தத்தை வெட்டித் தாளமாக்கினேன். அந்த மிஷினைக் கையால் சுற்றித்தானே என்னைப் படிக்க வைத்தீர்கள். அதை அறையில் கூட இருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டியபோது உங்கள் குரலும் சேர்ந்து வந்துவிட்டது: "வெயிலில நிக்காத மக்கா. உன் போர்மேனப் போய் நிக்கச் சொல்லு." போர்மேன் வாசலில்தான் நின்றிருந்தார். மலையாளிதான், ஆனாலும் நம் எல்லையோரத்துப் பாறசாலைக்காரர், எல்லாம் புரிந்தது. இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் வேலை தந்தார், அவ்வளவுதான். அறையில் எல்லாரும் அந்தக் குரலை இசையிலிருந்து எடுக்காதே என்கிறார்கள். நானும் எடுக்கவில்லை.

அடுத்த முறை ஷீட் அடிக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள். தாளத்துக்குத்தான் கேட்கிறேன். ஆனாலும் பேசாமல் இருந்துவிடாதீர்கள். வேலைக்குப் போகிற வண்டி ஹாரன் அடிக்கிறது.

ரெனிஷ்