பெருமாள் கோயில் திறக்காத சனிக்கிழமை

பச்சரிசியை ஊறவைத்து வடித்து வெள்ளைத் துணியில் பரப்பியிருக்கிறேன். நாளை புரட்டாசி சனிக்கிழமை, மாவிளக்குப் போட வேண்டும். இந்த ஈர அரிசி வாசனை வந்தால் எனக்குப் பெருமாள் நினைவு வருவதில்லை. நீங்கள்தான் வருகிறீர்கள், கூடவே என் கோபமும். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அது போகமாட்டேன் என்கிறது.

அன்றைக்கும் இப்படித்தான் அரிசி உலர்ந்துகொண்டிருந்தது. நம் வயலுக்குச் சம்பா நடவுக்கு வந்திருந்த வடநாட்டு ஆட்களில் ஒருவன் அதற்கு முந்தின நாள் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்திருந்தான். வலங்கைமான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் இல்லை. அவனுடைய அப்பா ரயிலேறிவிட்டாராம். "முகத்தை மட்டும் காட்டிடுங்க" என்று போனில் அழுதாராம். நீங்கள் வாடகைக்கு ஐஸ் பெட்டி பிடித்து, அவனை அதில் வைத்து, நேரே நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா? "வயர் எட்டுமா பாரு" என்றீர்கள். அவ்வளவுதான்.

பெருமாள் கோயில் இருக்கிற நம் தெருவில் சாவு விழுந்தால் உடம்பை எடுக்கும்வரை கோயில் திறக்கக் கூடாது. கோயில் நிர்வாகம் பார்த்த உங்கள் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எந்த ஊருப் பயலோ, அவனுக்காகப் புரட்டாசி சனிக்கிழமை பெருமாளைப் பூட்டி வைக்கிறதா? மோட்டார் கொட்டகைக்குக் கொண்டு போப்பா."

"அங்க கரண்ட்டு நிக்காது சித்தப்பா. அப்பன் வர்றதுக்குள்ள முகம் போயிடும்."

"எந்தச் சாமி கும்பிடுறவன்னாவது கேட்டியா?"

"கேக்கல. அப்பன் எப்ப வருவாருன்னு கேட்டேன்."

விடிந்ததும் கோயிலைத் திறப்பேன், பெட்டி இங்கே இருக்கக் கூடாது என்று கத்திவிட்டுப் போனார். உள்ளுக்குள் நானும் அவர் பக்கம்தான். ஆனால் நம் வீட்டு அடுப்பை நான் பற்றவைக்கவில்லை. பிணம் கிடக்கும் வீட்டில் எப்படிப் பற்றவைப்பது? எதிர்வீட்டிலிருந்து இட்லி வந்தது.

காலையில் பட்டர் மொபெட்டில் வந்தார். கோயில் வாசலில் சித்தப்பா சாவியோடு நின்றார். பட்டர் நம் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தி, "யாரும்மா?" என்றார்.

"நடவுக்கு வந்த பிள்ளை சாமி. அப்பா வந்துக்கிட்டிருக்காரு."

பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சித்தப்பாவுக்குக் கேட்கிற மாதிரி, "தெருவுல சாவு இருக்கு. எடுத்தப்புறம் சொல்லி அனுப்புங்கோ" என்றார்.

"அவன் நம்ம ஆளே இல்ல சாமி!"

"சாவுன்னா சாவுதான். ஆளுக்கு ஒரு சாஸ்திரம் எனக்கு யாரும் சொல்லித் தரலை." வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அம்மாடி, அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அதுவரை யார் பக்கம் இருந்தேன் என்று கேட்காதீர்கள்.

சாயங்காலம் அவனுடைய அப்பா வந்தார். கண்ணாடி மேல் கன்னத்தை வைத்து மகனைப் பார்த்தார். முகம் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. புதைப்பதா எரிப்பதா என்பதை அவர்தான் சொன்னார், அப்படியே செய்தீர்கள். எது என்று இங்கே எழுதப்போவதில்லை. நீங்களே கேட்காத விஷயம்.

எல்லாம் முடிந்து நீங்கள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். கூட வந்த, அவர் பாஷை தெரிந்த மேஸ்திரி சொன்னார்: "நீங்க அவனுக்கு என்ன உறவுன்னு கேக்குறாருங்க."

"ஒரே தெருன்னு சொல்லுங்க" என்றீர்கள். அந்த மனுஷர் அதைக் கேட்டுவிட்டு அதுவரை அடக்கிவைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தார்.

போன வாரம் நடவுக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் கடும் காய்ச்சல். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நான்தான் போனேன். பெயரைத் தவிர அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டார்.

"ஒரே தெரு" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மனசு உங்களை ரொம்பத் தேடியது.