எல்லாத் தட்டுக்கும் நூறு மில்லி

மார்ச் 3

மைத்துனன் இன்றும் எட்டு பத்துக்கு வந்தான். கையில் அதே பச்சை பாட்டில். செருப்பைக் கழற்றும் முன்பே அவன் குரல் உள்ளே போய்விடுகிறது. அவனுடைய அக்கா, அதாவது என் மனைவி, இடுப்பெலும்பு அறுவை முடிந்து ஆறு வாரமாகப் படுக்கையில் இருக்கிறாள். நான் எதை நீட்டினாலும் "அப்புறம்" என்பவள், அவன் நீட்டிய தம்ளரை மட்டும் வாங்கிக் குடிக்கிறாள். கோதுமைப்புல் சாறு. முகத்தைச் சுளிக்கிறாள். ஆனாலும் குடிக்கிறாள்.

இந்த மாதக் கடைசிக்குள் எழுந்து நடக்காவிட்டால் பிறகு ரொம்பச் சிரமம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாக்கர் கட்டிலோரம் நிற்கிறது. அதில் என் துண்டு காய்கிறது.

இருபத்திரண்டாம் தேதி முதல் பன்னிரண்டு நாள் மைத்துனன் வேலையாக வெளியூர் போகிறானாம். "அந்தப் பன்னெண்டு நாளும் நீங்க வளத்துக் குடுங்க அத்தான். என்ன பெரிய வித்தை? மண்ணக் கொட்டி விதையத் தூவினா முளைக்கப் போகுது."

என்ன மண், எத்தனை ஆழம், எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன்.

"மண்ணுன்னா மண்ணுதான்!"

லிஃப்ட் பழுதுபார்ப்பது இவன் தொழில். இவனை நம்பித்தான் ஊரே மேலும் கீழும் போய் வருகிறது.

மார்ச் 4

காலை முழுவதும் வீடியோ பார்த்தேன். மண்ணே ஆகாது, கிருமி என்கிறான் ஒருவன். மண் இல்லாமல் வளர்ந்தால் அது புல்லே இல்லை என்கிறான் இன்னொருவன். இருவருக்கும் நல்ல பல்வரிசை. ஒருவனிடமும் ஓர் அட்டவணை கிடையாது.

செடிக்கடைக்காரர் தேங்காய் நார்த்தூள் கட்டியை என் கையில் திணித்தார். "கோகோபீட் சார். போட்டுட்டு நீங்க பாட்டுக்குத் தூங்கலாம், அது பாட்டுக்கு வளரும்." தூங்குகிறவனுக்கு விற்கிற சரக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். "இன்னொண்ணு குடுங்க" என்றேன். வேண்டாம் என்ற சொல் எனக்கு வாயில் வருவதில்லை, இங்கே எழுதத்தான் வரும்.

மார்ச் 5

மூன்று தட்டுகள். ஒன்றில் மண், ஒன்றில் நார்த்தூள், ஒன்றில் நான்காக மடித்த பருத்தித் துண்டு. ஒவ்வொன்றிலும் நூற்றிருபது கிராம் ஊறிய கோதுமை. கூடத்து ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன்.

முப்பத்தொரு வருடம் நூற்பாலை ஆய்வகத்தில் நூலை இழுத்து, அறுத்து, வலிமை பார்த்தவன் நான். எல்லா மாதிரிக்கும் ஒரே நிலைமை. இல்லாவிட்டால் ஒப்பீடு செல்லாது. ஆகவே எல்லாத் தட்டுக்கும் காலையில் நூறு மில்லி, மாலையில் நூறு மில்லி. அளவுக்குடுவை நான் பணி ஓய்வு பெற்ற நாளன்று ஆய்வகத்தில் கொடுத்தது. கடிகாரம் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 8

மூன்றிலும் முளை. மனைவி "என்னங்க அங்க அளந்துகிட்டே இருக்கீங்க?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள். விளக்கினேன். பாதியில் தூங்கிவிட்டாள்.

மார்ச் 10

மைத்துனன் குடுவையைப் பார்த்துவிட்டான். "அக்கா, உன் வீட்டுக்காரரு புல்லுக்கு மருந்து குடுக்குறாரு! அத்தான் இல்ல இவரு, மில்லி அத்தான்!" அவள் சிரித்தாள். ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு, அதுவும் என்னைப் பார்த்து.

நானும் சிரித்தேன். இப்போது எழுதும்போது எரிகிறது. ஒரு ஸ்கேலைக்கூட நேராகப் பிடிக்கத் தெரியாதவன்!

மார்ச் 13

நார்த்தூளில் வெள்ளைப் பூஞ்சை, புளித்த வாடை. மண் தட்டிலும் மூலையில் ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 15

முடிவு: துண்டு, பதினான்கு சென்டிமீட்டர். மண், எட்டு. நார்த்தூள் குப்பைக்குப் போனது.

ஆக, துண்டு. மண்ணுன்னா மண்ணுதானாம்! அட்டவணையை மைத்துனனிடம் காட்ட எடுத்து வைத்தேன். அவன் வந்தான், இரண்டு மணி நேரம் பேசினான், போனான். அட்டவணை என் சட்டைப் பையிலேயே இருந்தது.

மண் தட்டைக் கொட்டப் போகும்போது மனைவி கூப்பிட்டாள். "அத இங்க ஜன்னல்ல வச்சிட்டுப் போங்க. காஞ்சதும் கொட்டிக்கலாம்." புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வெறும் மண்ணோடு அவள் அறை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

மார்ச் 16

துண்டு விரித்து மூன்று பெரிய தட்டுகள் போட்டேன். ஊறவைத்த கோதுமை அவள் தலைமாட்டு மேசையில்தான் இருந்தது. நிறுத்தால் எழுபது கிராம் குறைகிறது. தராசு தவறா, நானே தவறா? மூன்று முறை நிறுத்தேன். நான்தான் போல.

மார்ச் 17

வெயில் கண்ணில் அடிக்கிறதாம். திரையை மூடச் சொன்னாள். மூடினேன்.

மார்ச் 22

மைத்துனன் கிளம்பிவிட்டான். வீடு எவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரிந்தது.

முதல் தட்டை அறுத்து, அரைத்து, வடிகட்டி நீட்டினேன். பாதி குடித்தாள். "அவன் கொண்டாந்தது மாதிரியே இருக்கு" என்றாள். புகழ்ச்சியா? அவனோடு ஒப்பிடுவது எப்படிப் புகழ்ச்சியாகும்? ஆனாலும் மதியம் வரை உற்சாகமாக இருந்தேன். வெட்கக்கேடு.

மார்ச் 23

ஆஸ்பத்திரி. காலை எட்டுக்குப் போய் மாலை ஆறுக்குத்தான் திரும்பினோம். ஒன்பது மணி நேரம் காக்கவைத்துவிட்டு டாக்டர் நான்கு நிமிடம் பார்த்தார். காலை அமுக்கிப் பார்த்து, "பரவால்லயே, நடக்க ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். அவள் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். இல்லை டாக்டர், படுத்தேதான் இருக்கிறாள் என்று நான்தான் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். படுத்திருக்கும் காலுக்கும் நடக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாத இவருக்குச் சுவர் நிறையப் பட்டங்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் துண்டுகள் அட்டைபோலக் காய்ந்து கிடக்கின்றன. இரண்டு தட்டுப் புல்லும் மஞ்சளாகச் சாய்ந்துவிட்டது. ஒரே ஒரு பகல்! தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எழவில்லை.

போச்சு. எல்லாம் போச்சு. பன்னிரண்டு நாள் பாத்துக்கச் சொன்னான், ரெண்டு நாள் தாங்கலியே. நாளைக்கு அவகிட்ட எதக் குடுப்பேன்? என்னத்த அளந்தேன் நான் இத்தன நாளா?

மார்ச் 24

காலையில் வெறுங்கையோடு போய் நின்றேன்.

"திரையத் திறங்க" என்றாள்.

திறந்தேன். ஜன்னல் விளிம்பில் அந்த மண் தட்டு. விளிம்பு தெரியாமல் புல். கடும்பச்சை. பூஞ்சை ஒரு பொட்டுகூட இல்லை. அளந்தேன், பதினாறரை.

"எழுபது கிராம்?" என்றேன்.

"உங்க கிண்ணத்துல இருந்துதான். ரெண்டு பிடி."

"தண்ணி எத்தன மில்லி ஊத்தின?"

"தொட்டுப் பாப்பேன். ஈரம் இருந்தா விட்டுருவேன். காஞ்சிருந்தா குடிச்ச மிச்சத் தண்ணிய ஊத்துவேன். நீங்க ஒரு நாளாவது அந்தத் தட்டத் தொட்டுப் பாத்தீங்களா?"

இல்லை. துண்டு மதியத்துக்குள் குடித்துத் தீர்ப்பதும், மண் இரண்டு நாள் வைத்திருப்பதும் ஒரே நூறு மில்லிதான். எல்லாருக்கும் சமம் என்று சொல்லி மண்ணை மூழ்கடித்திருக்கிறேன். ஒரே நிலைமையாம்! நூலுக்குத் தாகம் எடுக்காது என்பது முப்பத்தொரு வருடமாக உறைக்கவில்லை. மைத்துனன் சொன்னது சரி. ஏன் சரி என்று தெரியாமலே சரியாகச் சொல்கிறவனைப் போல எரிச்சல் மூட்டுகிற பிறவி வேறு கிடையாது.

இவ்வளவும் யோசித்த பிறகுதான் மற்றது புரிந்தது. ஜன்னலை எட்டித் தொடக் கட்டிலிலிருந்து முடியாது.

"நீ எப்ப எழுந்த?"

"நீங்க கடைக்குப் போறப்ப. நீங்க ரெண்டு பேரும் நின்னு பாத்துகிட்டே இருந்தா எப்படிங்க கால் வரும்?"

வாக்கரைப் பார்த்தேன். என் துண்டு அதில் இல்லை. எத்தனை நாளாக இல்லை?

மார்ச் 25

காலடி போட்டு எண்ணினேன். கட்டிலிலிருந்து ஜன்னலுக்கு ஏழு.

ஏப்ரல் 3

மைத்துனன் திரும்பிவிட்டான். மண் தட்டைப் பார்த்ததும், "நான் அப்பவே சொன்னேன்ல!" தெருவுக்கே கேட்டிருக்கும். ஆமாம் என்றேன். சொல்லிவிட்டு, "ஆனா ஏன்னு உனக்குத் தெரியாது" என்றும் சொன்னேன். சத்தமாக. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

பாட்டிலை அக்காவிடம் நீட்டினான். "நீயே குடி. எனக்கு ஆரம்பத்துல இருந்தே பிடிக்கல. ஆசையாக் கொண்டாந்தியேன்னு குடிச்சேன்" என்றாள். குடித்தான். அந்த முகத்தை நான் நிதானமாக, நெடுநேரம் பார்த்தேன்.

ஏப்ரல் 6

இன்று தட்டைக் கூடத்து ஜன்னலுக்கு மாற்றினேன். இங்கே வெளிச்சம் நல்லது என்றேன். பன்னிரண்டு காலடி. முணுமுணுத்துக்கொண்டே வந்து தொட்டுப் பார்த்தாள். "ஈரமா இருக்கு. ஊத்தாதீங்க." ஊற்றவில்லை. மைத்துனன் பக்கத்திலேயே உட்கார்ந்து லிஃப்ட் கதை சொல்லிக்கொண்டிருந்தான். தட்டு இடம் மாறியது அவன் கண்ணில் படவே இல்லை.

வியாழக்கிழமை சமையலறை ஜன்னல். பத்தொன்பது காலடி.