விக்காதேன்னு சொல்லிட்டுப் போன மைதீனுக்கு

என் பிரியமான மைதீன்,

நீ வேலை பார்த்த ஊர்லயே, கடல் தாண்டி அங்கனயே உன்னை அடக்கம் பண்ணிட்டாங்க. இங்கன உனக்கு ஒரு இடம் இருந்தா வந்து உட்கார்ந்து பேசியிருப்பேன். இல்லாததால எழுதுதேன்.

கடைசி லீவுல வந்தப்ப, ஐந்தருவியில குளிச்சிட்டு தலைகூட துவட்டாம ஷேர் பத்தியே பேசுனே. "லே கணேசா, பெரிய கம்பெனியாப் பாத்து வாங்கு. ஊரே தேய்க்குற சோப்பு, ஊரே வீடு கட்டுற சிமெண்டு. பேர் தெரியாத கம்பெனி பக்கம் போகாத. வாங்கிட்டா விக்காத." வட்டி ஆகாதுன்னு பேங்க் ஷேரை மட்டும் நீ தொடல. உன் வீட்டுக்காரி ஜமீலா பேருல கணக்குத் திறந்தே. அதே ஷேரை என்னையும் வாங்க வச்சே.

நான் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுல வெங்காயம் விக்கிறவன். காலையில இறங்குன மூட்டை சாயங்காலமும் கிடந்தா எனக்குச் சோறு இறங்காது. என்னைப் போய் விக்காம சும்மா இருன்னு சொல்லிட்டுப் போயிட்டியே, நியாயமாலே?

கொஞ்ச மாசமா ஷேர் எல்லாமே இறங்குது. ஏலம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே ஜமீலா போன் வருது. "அண்ணே, இன்னைக்கும் சிவப்பாத்தான் காட்டுது. வச்சிருக்கவா, வித்துரவா?"

"பொறுப்போம்மா"ம்பேன். வேற என்ன சொல்ல? வித்துருன்னு சொல்லி மறுநாள் ஏறிட்டா பழி என் தலையில. வச்சிருன்னு சொல்லி இன்னும் இறங்குனா அதுவும் என் தலையில. இதுக்கு நடுவுல ஜமீலாவோட அண்ணன் கடைக்கே வந்து, "முழுசா வித்துட்டு இலஞ்சியில ஒரு பிளாட் வாங்கச் சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா"ங்கான். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால சொல்ல முடியல. இருந்திருந்தா நீயே மாத்திச் சொல்லியிருப்பியோ? போனவன் பேச்சை யார்கிட்ட போய் மாத்திக் கேக்க?

போன வாரம் ஜமீலா பஸ் ஏறி மார்க்கெட்டுக்கே வந்துட்டா. மூட்டை மேல உட்கார்ந்து தண்ணி குடிச்சிட்டு நிதானமாச் சொன்னா.

"சிமெண்டு கம்பெனி ஷேரை வித்துட்டேன் அண்ணே."

"இறங்கிக் கிடக்கும்போதாம்மா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா பொறுப்போம்பீங்க. மக சபியாவுக்கு நர்சிங் காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு. அது பொறுக்காதுல்லா."

"பணம் நான் கட்டியிருப்பேன். மைதீன் விக்காதேன்னு சொன்னான்மா."

"அது உங்ககிட்ட சொன்னது அண்ணே. எங்கிட்ட அவங்க சொன்னது, பிள்ளை படிப்பு நின்னுறக் கூடாதுன்னு."

மிச்ச ஷேரை அவளே பாத்துக்கிடுவாளாம். பிளாட் வேண்டாம்னு அண்ணன்கிட்டயும் சொல்லிட்டாளாம். போகும்போது முகத்துல ஒரு தெளிவு இருந்துச்சு. நீ போன பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பாத்ததில்ல.

இந்தக் குழப்பத்துல இருந்து அவ வெளிய வந்துட்டா. நான்தான் உள்ள கிடக்கேன். சாரல் ஆரம்பிச்சதுல இருந்து அடுப்படி ஒழுகுதுன்னு என் வீட்டுக்காரி செண்பகம் சொல்லிக்கிட்டே இருக்கா. என் பங்குல கொஞ்சம் வித்தா ஓடு மாத்திரலாம். செல்லை எடுக்கேன், விக்கிற இடம் வரைக்கும் போறேன், விரல் நகர மாட்டேங்குது. இதையும் வித்துட்டா உன் பேச்சுன்னு எங்கிட்ட என்ன மிச்சம் இருக்கும்? செண்பகத்துக்கு இதை எப்படிச் சொல்ல? அவ கேட்டா, விலை ஏறட்டும்னு பொய் சொல்லுதேன்.

அதை விடு. ஒண்ணு மட்டும் வாக்குக் குடுக்கேன். திங்கக்கிழமை சபியாவைத் திருநெல்வேலி ஹாஸ்டல்ல விட நான்தான் வண்டி ஓட்டிட்டுப் போறேன். அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒவ்வொரு லீவுக்கும் ஹாஸ்டல் கேட்டுக்கு வெளிய நான் நிப்பேன். என்னைப் பாத்து அவ கையைத் தூக்கும்போது, பக்கத்துல நீயும் நிக்கிறதா நினைச்சுக்கிடுதேன்.

சபியாவுக்கு மாமன்,
கணேசன்